பேஜ் இருக்குத்தானே, பிறகென்னத்துக்கு வெப்சைட்?

போன மாதம் எங்கட பீடத்து மாணவர் சஞ்சிகையைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அச்சடிக்கக் காசில்லை என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. அப்ப இணையத்தில் கொண்டுவருவம், வேர்ட்பிரஸில் ஒரு தளம் கட்டுவம் என்று நான் சொன்னேன். மூன்று பதில் வந்தது.

ஒன்று: "பேஜ் இருக்குத்தானே, பிறகென்னத்துக்கு வெப்சைட்?"

இரண்டு: "அது கொம்பியூட்டர் படிக்கிற ஆக்களின்ர வேலை. எங்களுக்கு ஏலாது."

மூன்று: "முந்தியும் ஒண்டு இருந்தது. அதுக்கு என்ன நடந்தது எண்டு தெரியும்தானே."

இதே மூன்று பதிலையும் வாசிகசாலை, நாடகக் குழு, பழைய மாணவர் சங்கம், ஊர் சனசமூக நிலையம் எங்கே போய்க் கேட்டாலும் சொல்லுவார்கள். மூன்றும் பிழை என்பதுதான் என்ர வாதம். மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கு. அதற்குக் கடைசியில் வருவம்.

பேஜில் போட்டது இப்ப எங்கே?

உங்கட குழுவின் பேஸ்புக் பேஜுக்குப் போய், மூன்று வருஷத்துக்கு முதல் போட்ட ஒரு நூல் விமர்சனத்தைத் தேடிப் பாருங்கள். நான் தேடினேன். விரலால் தள்ளித் தள்ளி, அஞ்சலி, நிகழ்வு அழைப்பிதழ், பிறந்தநாள் வாழ்த்து, இரத்ததான முகாம், திரும்பவும் அஞ்சலி எல்லாவற்றையும் தாண்டிப் போனால் கடைசியில் கிடைத்தது நாலு படம். யாரோ கட்டுரையை வேர்டில் தட்டி, ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது படத்தில் கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தது. அந்த எழுத்தாளரின் பெயரைக் கூகுளில் தேடுகிற ஒருவருக்கு இந்த விமர்சனம் அகப்படாது. பார்வை குறைந்த ஒரு மாணவருக்கு அவருடைய போன் இதை வாசித்துக் காட்டுவதும் கஷ்டம். அடுத்த வருஷம் ஆய்வுக்கட்டுரை எழுதப்போகும் ஒரு பிள்ளை இதை மேற்கோள் காட்டவும் ஏலாது.

பேஸ்புக்கைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அது இன்றைக்கு என்ன நடக்குது என்று காட்டுவதற்காகச் செய்யப்பட்ட இடம். நேற்றையதை எடுத்து வைப்பது அதின்ர வேலை இல்லை. நாங்கள்தான் அறிவித்தல் பலகையில் கட்டுரையை ஒட்டிவிட்டு, அதை நூலகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறம்.

அந்தப் பலகையும் எங்கட இல்லை. லட்சக்கணக்கான ஆக்கள் தங்கட பக்கங்களைக் கட்டி வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009 இல் யாகூ மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. கொம்பனிக்கு இலாபமில்லை என்றால் முடிந்தது கதை. எங்கட நாட்டில் இன்னொரு கதையும் இருக்கு. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது சமூக வலைத்தளங்கள் நாட்கணக்கில் முடக்கப்பட்டன. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும் அப்படித்தான். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, போராட்டம் சூடுபிடித்த நேரம், திரும்பவும். நவம்பர் மாதத்தில் ஒரு படம் போட்டதுக்காகக் கணக்கை இழந்த ஆக்களைத் தமிழ் இளைஞர்கள் எல்லாருக்கும் தெரியும். முறையிட்டால் பதில் எழுதுவது மனிசரா மெசினா என்றும் விளங்காது.

சொந்தத் தளம் என்றால் முடக்க ஏலாது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நெட் 2007 இல் இலங்கைக்குள் தடைசெய்யப்பட்டது. அது சொந்த முகவரியில் இருந்த தளம்தான். வித்தியாசம் வேற இடத்தில் இருக்கு. சொந்தத் தளத்தில் இருக்கும் அத்தனை கட்டுரையையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு நாட்டில் வேறொரு சேர்வரில் அப்படியே திரும்ப நிறுத்தலாம். பேஸ்புக்கும் உங்கட தரவைத் தரவிறக்கத் தருகுது. ஆனால் அந்தப் பொதியைக் கொண்டுபோய் இறக்கி, அதே பேஜாகத் திரும்ப நடத்த இன்னொரு இடம் உலகத்தில் இல்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கோபிக்காதையுங்கோ. ஒவ்வொரு வருஷமும் மே 31 வந்தால் 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பதிவு போடுறம். 97,000 நூல் என்று எழுதுறம். எங்கட அறிவை அழித்தார்கள் என்று எழுதுறம். உண்மைதான், அழித்தார்கள். ஆனால் நாலு வருஷத்துக்கு முதல் நாங்கள் அதைப் பற்றி எழுதிய பதிவை இன்றைக்கு எடுத்துக் காட்டச் சொன்னால் எங்களால் ஏலாது. அதை ஒருவரும் எரிக்கவில்லை. நாங்களாகவே ஓடுற தண்ணியில் விட்டுவிட்டம்.

கொம்பியூட்டர் ஆக்களின் வேலையா?

இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் கோபம் தருவது. ஏனென்றால் இதைச் சொன்னது கலைப்பீடத்து மாணவர்கள்.

முந்தி ஒரு இணையத்தளம் என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எச்டிஎம்எல்லில் எழுத வேண்டும். புதுக் கட்டுரை ஒன்று வந்தால் அதைச் சேர்க்க முகப்பைத் திருத்த வேண்டும், பட்டியலைத் திருத்த வேண்டும், சில நேரம் எல்லாப் பக்கத்தையும் திருத்த வேண்டும். அப்ப அது கோட் தெரிந்தவரின் வேலையாக இருந்தது சரி. உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருள் என்று சொல்லுறது இந்தக் கட்டை உடைக்கத்தான் வந்தது. வேர்ட்பிரஸ், டுரூப்பல், ஜூம்லா எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எழுத்து ஒரு இடத்தில், தோற்றம் இன்னொரு இடத்தில். உங்கட கட்டுரை ஒரு தரவுத்தளத்தில் எழுத்தாகவே கிடக்கும். அது எந்த நிறத்தில், எந்த எழுத்துருவில், எந்த அகலத்தில் தெரிய வேண்டும் என்பதைத் தீம் பார்த்துக்கொள்ளும். தீமை மாற்றினால் நூறு கட்டுரையும் ஒரே நேரத்தில் உடுப்பு மாற்றும். ஒரு சொல்லும் குறையாது. ஈமெயில் எழுதத் தெரிந்த ஆளுக்கு இதில் கட்டுரை போடத் தெரியும்.

இவற்றைத் தொடங்கியவர்கள் யார் என்று பாருங்கள். டுரூப்பல் பெல்ஜியத்தில் அன்ட்வேர்ப் பல்கலைக்கழக மாணவர் விடுதியில் இருந்த டிரீஸ் பொய்ட்டார்ட், கூட்டாளிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறச் செய்த ஒரு சின்ன அறிவித்தல் பலகை. 2001 இல் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டார். வேர்ட்பிரஸின் கதை இன்னும் எங்களுக்குக் கிட்ட. பி2 என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் இடையில் காணாமல் போய்விட்டார். அதைப் பாவித்துக்கொண்டிருந்த மட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலும் அந்த மூலநிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27 இல் வேர்ட்பிரஸ் வந்தது. அப்ப முல்லன்வெக்குக்கு 19 வயது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது மெய்யியலும் அரசறிவியலும். திரும்ப வாசியுங்கள்: மெய்யியலும் அரசறிவியலும். எங்கட பீடத்தில் இந்த இரண்டையும் படித்துவிட்டு, "எங்களுக்கு ஏலாது" என்று சொல்லுறம். இன்றைக்கு உலகத்துத் தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அந்த மென்பொருளில்தான் ஓடுது.

கைவிட்டுப்போன ஒருவரின் நிரலை இன்னொருவர் எடுத்து நடத்த முடிந்தது ஏன்? பி2 ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. யாரும் பாவிக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். பகிரும்போது அதே சுதந்திரத்தை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும். திறந்த மூலம் என்றால் "சும்மா கிடைக்கும்" என்று மட்டும் நினைக்கிறவர்களுக்குச் சொல்லுறன், காசில்லாமல் கிடைப்பது அதில் சின்னப் பகுதி. ஒரு ஆள் போனாலும் வேலை சாகாது என்பதுதான் பெரிய விஷயம். எங்கட சங்கங்களுக்கு இதைவிடத் தேவையான பாடம் ஒன்றுமில்லை.

இனி, தளம் கட்டிய பிறகு அதில் இருக்கும் வேலை என்ன? எந்தக் கட்டுரை எந்தப் பகுப்பில் வரும், சிறுகதையும் நினைவுக்குறிப்பும் கலந்த ஒன்றை எங்கே வைப்பது, ஒரே எழுத்தாளரின் பெயரை மூன்று விதமாக எழுதியதை எப்படி ஒன்றாக்குவது, படத்துக்கு என்ன குறிப்பு, தலைப்பைச் சுருக்கலாமா. இதெல்லாம் செம்மையாக்கம், நூலக வேலை, மொழி வேலை. கோட் வேலை இதில் பத்திலொன்றும் இல்லை. வேர்ட்பிரஸில் நிர்வாகி, தொகுப்பாளர், எழுத்தாளர், பங்களிப்பவர் என்று ஆளுக்கு ஆள் அதிகாரம் பிரித்துக் கொடுக்கலாம். பங்களிப்பவர் எழுதலாம், தானாக வெளியிட ஏலாது. தொகுப்பாளர் பார்த்துத் திருத்தி வெளியிடுவார். ஒரு சஞ்சிகைக் குழு எப்படி வேலை செய்யுமோ அதே ஒழுங்கு. பேஜில் அட்மினாக இருக்கும் ஒன்பது பேரும் நினைத்த நேரம் நினைத்ததைப் போடும் கூத்தை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

தமிழ் தெரிந்தவர் இல்லாமல் ஒரு தமிழ்த் தளம் ஒழுங்காக ஓடாது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்லுறன். முதலாவது பாமினி. எங்கட தட்டச்சுக் கடைகளிலும் பழைய கணினிகளிலும் கட்டுரைகள் இன்னும் பாமினியில்தான் கிடக்குது. பாமினியில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் குப்பைதான் தெரியும். யுனிகோடுக்கு மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு ஒரு ஆள் இருந்து வரிவரியாக வாசித்துத் திருத்தவும் வேண்டும். அதைச் செய்யத் தமிழ் தெரிய வேண்டும், வேறொன்றும் தேவையில்லை.

இரண்டாவது, முகவரி. தலைப்பை வைத்து வேர்ட்பிரஸ் கட்டுரையின் முகவரியைத் தானாகவே உருவாக்கும். ஆங்கிலத் தலைப்பு என்றால் பிரச்சினையில்லை. தமிழில் ஒவ்வொரு குறியும் முகவரிக்குள் ஒன்பது குறியாக மாறும். "கொ" என்பதில் மெய்யும் உயிர்க்குறியும் இரண்டு என்று கணக்கு, ஆகவே பதினெட்டு. 200 குறியோடு வேர்ட்பிரஸ் வெட்டிவிடும். அதாவது இருபத்திரண்டு குறிக்கு மேல் போகும் தமிழ்த் தலைப்பு முகவரியில் அரைவாசியில் நிற்கும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஒரு முழ நீளத்துக்கு வரும். ஒவ்வொரு கட்டுரைக்கும் சின்ன முகவரி ஒன்றைக் கையால் எழுதிவிட்டால் சரி. பத்து விநாடி வேலை. இதை ஒரு கொம்பியூட்டர் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லமாட்டார், ஏனென்றால் அவர் தமிழ்த் தளத்தை வாசிக்கிறதில்லை.

வேர்ட்பிரஸுக்கு இலங்கைத் தமிழ் என்று தனியாகவே ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவு இருக்கு. யாரும் கணக்குத் திறந்து சொற்களை மொழிபெயர்த்து அனுப்பலாம். மொழிபெயர்ப்பைப் பாடமாகப் படிக்கும் எத்தனை பேர் அதற்குள் போய் ஒரு வரி எழுதியிருக்கிறம்? கலைச்சொல் இல்லை, கலைச்சொல் இல்லை என்று கருத்தரங்கில் அழுவது மட்டும் குறையவில்லை.

செய்து காட்டியவர்கள் இல்லை என்றும் சொல்ல ஏலாது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள் என்று ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கு. அது ஓடுவது விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில். எங்கட ஆய்வுக்கட்டுரைகளில் பாதி அந்தத் தளத்தை நம்பித்தான் எழுதப்படுகுது. அதைக் கட்டியவர்கள் வானத்திலிருந்து வந்தவர்களில்லை. தன்னார்வமாக ஸ்கான் பண்ணி, பெயரிட்டு, பட்டியல் போட்ட ஆக்கள்.

முந்தி இருந்ததற்கு என்ன நடந்தது?

இப்ப மூன்றாவது பதில். இதைச் சொன்ன அண்ணாவுக்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

எங்கட சஞ்சிகைக்கு முந்தி ஒரு தளம் இருந்தது. வெளியில் ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்தது. மண்டபத்தில் விளக்கேற்றி, திரையில் பட்டனை அமத்தி, திறப்பு விழாவும் வைத்தார்களாம். செய்து தந்தவர் டொமைனைத் தன்னுடைய பெயரிலேயே பதிந்திருந்தார். ஹோஸ்டிங்கும் அவருடைய கணக்கில். தளத்தின் பாஸ்வேர்ட் அந்த வருஷத்து இதழாசிரியரின் போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக இருந்தது. இதழாசிரியர் பட்டம் முடித்துப் போனார், போனையும் மாற்றினார். செய்து தந்தவர் வெளிநாடு போய்விட்டார். வருடாந்தக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நினைவூட்டல் ஈமெயில்கள் ஒருவரும் திறக்காத ஒரு பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தன. ஒருநாள் தளம் இல்லை. இப்ப அந்த முகவரியை அடித்தால் சூதாட்ட விளம்பரம் வருகுது. அதில் 47 கட்டுரைகள் இருந்தன.

அண்ணா இதை வைத்து "தளம் வேண்டாம்" என்கிறார். எனக்கு இதில் வேறொன்று தெரியுது. மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் திறப்பு விழா வைத்தம், பராமரிக்கவில்லை. மன்றத்து வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்குப் புத்தகத்தைக் கையளிப்பார், செயலாளர் கூட்டறிக்கைப் புத்தகத்தைக் கையளிப்பார், அலுமாரித் திறப்பைக்கூட எண்ணிக் கையளிப்பம். தளத்தின் திறப்பை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே, இனித் தளம் கட்டும் எந்தக் குழுவும் ஐந்து விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டு தொடங்கட்டும்.

1. டொமைன் குழுவின் பெயரில், குழுவின் பொது ஈமெயிலில் பதிய வேண்டும். செய்து தருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய பெயரில் வேண்டாம். முடிவுத் திகதியைக் கூட்டறிக்கையில் எழுத வேண்டும்.

2. நிர்வாகி அதிகாரம் குறைந்தது இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் கட்டாயம் கனிஷ்ட மாணவராக இருக்க வேண்டும். அட்மின் என்ற பெயரும் ஊர்ப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்ட்டும் வேண்டாம்.

3. மாதம் ஒருக்கால் முழுப் பிரதி எடுக்க வேண்டும். தரவுத்தளமும் வேணும், படங்கள் கிடக்கும் கோப்புறையும் வேணும். ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது இல்லாமல் அவதிப்படுவீர்கள். பிரதி அதே சேர்வரில் கிடந்தால் அது பிரதி இல்லை.

4. மென்பொருளையும் பிளகின்களையும் புதுப்பிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் ஆக்கள் உடைத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் பழைய பிளகின் ஓட்டைகளுக்குள்ளால்தான். தேவையில்லாததை நிறுத்தி வைத்தால் காணாது, அழித்துவிடுங்கள். காசுக்கு விற்கும் தீமைக் களவாக இறக்கிப் போடவே வேண்டாம். அதற்குள் யார் என்னத்தைப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அலங்காரம் குறைந்த இலவசத் தீம் போதும்.

5. பொதுக்கூட்டத்தில் மற்றதெல்லாம் கையளிக்கும்போது இதுவும் கையளிக்கப்பட வேண்டும். யாப்பில் இணையப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி எழுதுங்கள்.

காசு? டொமைனுக்கும் சின்ன ஹோஸ்டிங்குக்கும் வருஷத்துக்குப் போவது, ஒரு இதழை அச்சடிக்கும் செலவோடு பார்க்கக் கொஞ்சம். அதுவும் முடியாது என்றால் வேர்ட்பிரஸ் டொட் கொம்மில் இலவசமாகத் தொடங்குங்கள். அது ஒரு கொம்பனி நடத்தும் சேவை. நீங்களே இறக்கி நிறுவும் மென்பொருள் வேர்ட்பிரஸ் டொட் ஓர்க்கில் இருப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆக்களே இல்லை. ஆனால் கொம்மில் எழுதியதை ஏற்றுமதி செய்து பிறகு சொந்த இடத்துக்குக் கொண்டுவரலாம். அதனால் தொடக்கத்துக்குப் பரவாயில்லை.

திறந்த மூலமும் கோயில் இல்லை

நான் வேர்ட்பிரஸுக்குக் காவடி எடுக்கவில்லை. 2024 செப்டெம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி என்ஜின் என்ற ஹோஸ்டிங் கொம்பனிக்கும் பெரிய சண்டை வந்தது. அந்தக் கொம்பனியின் சேர்வர்களில் இருந்த தளங்களுக்கு வேர்ட்பிரஸ் டொட் ஓர்க்கிலிருந்து புதுப்பித்தல் கிடைக்காமல் நிறுத்தப்பட்டது. ஒரு மனிசரின் கையில் இவ்வளவு அதிகாரமா என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள். கேட்டது சரி. ஆனால் அந்தச் சண்டைக்குள்ளும் ஒருவருடைய கட்டுரையும் காணாமல் போகவில்லை. நிரலும் தரவும் அவரவர் கையில் இருந்தது. கெட்டுப்போனால் பி2 இலிருந்து வேர்ட்பிரஸ் பிரிந்தது மாதிரி இன்னொன்று பிரியலாம். பேஸ்புக்கிலிருந்து என்னத்தைப் பிரிக்கிறது?

"ஆக்கள் எல்லாரும் பேஸ்புக்கில்தானே இருக்கினம்" என்பது கடைசி வாதம். சரி, இருக்கட்டும். பேஜை மூடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. கட்டுரை தளத்தில் இருக்கட்டும், இணைப்பைப் பேஜில் போடுங்கள். பேஜ் போனாலும் கட்டுரை இருக்கும்.

இந்தக் கிழமை உங்கட சங்கத்தில், குழுவில், ஊர் வாசிகசாலையில் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். எங்கட டொமைன் யாருடைய பெயரில்? அது எப்ப முடியுது? கடைசிப் பிரதி எங்கே இருக்கு? பதில் வராமல் ஆளை ஆள் பார்த்தால், உங்கட 47 கட்டுரையும் இப்பவே போய்க்கொண்டிருக்கு என்று அர்த்தம்.

எங்கட கூட்டம் "பார்ப்பம்" என்று முடிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பழைய எழுத்தாளர்களின் ஈமெயில்களிலும் பென்டிரைவ்களிலும் தேடி இதுவரை 19 கட்டுரை எடுத்தாச்சு. பாதி பாமினியில். மூன்று பேர் இருந்து மாற்றிக்கொண்டிருக்கிறம், மூன்று பேரும் கலைப்பீடம்தான். இன்னும் 28 வேணும். எங்கட பீடத்துப் பழைய மாணவர்கள் யாரும் இதை வாசித்தால், பழைய லப்டொப்பை ஒருக்கால் திறந்து பாருங்கோ.